சூரிய மின் நிலையத்தில் நிழல் வாடகைக்கு

அவளுக்கு உப்பக்கா என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. மின் நிலையத்தில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலை அப்படி. வெட்டவெளியில் வட்டம் வட்டமாக நிற்கும் ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் வெயிலை வாங்கி, நடுவில் நிற்கும் கோபுரத்தின் உச்சியில் வீசும். அங்கே குழாய்களில் உருகி ஓடும் உப்பு அந்த வெயிலில் பழுக்கக் காயும். காய்ந்த உப்பு கீழே தொட்டிக்கு இறங்கித் தண்ணீரை ஆவியாக்கும், ஆவி டர்பைனைச் சுழற்றும், கரண்ட் வரும். சூரியன் விழுந்த பிறகும் தொட்டியில் சூடு இருப்பதால் ராத்திரியிலும் கரண்ட் வரும். எல்லாம் நல்லதுதான், ஒன்றைத் தவிர. உப்பு எக்காரணம் கொண்டும் உறையக் கூடாது. உறைந்தால் குழாய்களெல்லாம் கல்லாகிவிடும். அப்புறம் நிலையத்தையே பெயர்த்துப் போட வேண்டியதுதான். உறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்தான் உப்பக்கா. கைக்குழந்தைக்காரி மாதிரி, எங்கே போனாலும் அவளுடைய பாதி மனசு தொட்டியடியிலேயே இருக்கும்.

அந்த வருஷம் மழைக்காலம் வந்தது, போக மறந்துவிட்டது. மேகம் விலகவே இல்லை. உப்பு உறையாமல் இருக்க வெளியிலிருந்து கரண்ட் வாங்கி, தொட்டிக்குள் இருந்த மின் அடுப்புகளை எரிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கணக்குப் பார்த்தால், நிலையம் விற்ற கரண்டைவிட வாங்கிய கரண்ட் அதிகம்.

இதை அவள் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. கொழுந்தன் அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தான். அவன் மொட்டை மாடிகளில் சோலார் தகடு மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க கரண்ட் தயாரிக்கிற கம்பெனியா, கரண்ட் வாங்குற கம்பெனியா?"

"உன் தகடு சாயங்காலம் ஆனா செத்துப் போகும் தம்பி. எங்க உப்பு விடிய விடிய வேலை செய்யும்."

"செய்யும். ஆனா என் தகடு வெலை வருஷா வருஷம் இறங்குது. உங்க கண்ணாடி வெலை இறங்குச்சா?"

இறங்கவில்லைதான். அவள் குழம்புக் கரண்டியை அவன் தட்டில் கொஞ்சம் சத்தமாகவே தட்டினாள். ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் அவள் கணவர் இந்த மாதிரி நேரங்களில் தன் தட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. மாமியார் மட்டும், "ரெண்டும் சூரியன்தானேடா, அதுக்கு எதுக்கு அடிச்சுக்கணும்?" என்றார்.

தலைமை அலுவலகத்திலும் இதே பேச்சு நடந்திருக்க வேண்டும். மேகம் விலகிய வாரம் அங்கிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். நிலையத்துக்கு லாபம் வரும் வழியைக் கண்டுபிடிப்பது, முடியாவிட்டால் மூடுவது, இதுதான் அவருக்கு இட்ட வேலை. எந்த வெயிலிலும் டையைத் தளர்த்த மாட்டார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஆட்கள் அவருக்கு லாபம் சார் என்று பெயர் வைத்தார்கள்.

லாபம் சார் கோபுரத்தில் ஏறிப் பார்த்தார், டர்பைனைத் தடவிப் பார்த்தார், எதிலும் லாபம் தென்படவில்லை. ஒரு மத்தியானம் கண்ணாடிகளுக்கு நடுவே தனியாக நடக்கப் போனவர் திரும்பி வரவில்லை. உப்பக்கா பதறிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு தேடினாள். அவர் ஒரு கண்ணாடியின் அடியில், சட்டை கசங்காமல், குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பியதும் முதல் கேள்வியாக, "இந்த நிழல் யாருடையது?" என்றார்.

"எந்த நிழல் சார்?"

"நான் படுத்திருந்த நிழல். இவ்வளவு கண்ணாடி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிழல். இத்தனை நாள் சும்மா கிடந்திருக்கே, உறுத்தலையா உங்களுக்கு?"

வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் நிலையத்தின் வாசலில் பலகை தொங்கியது: நிழல் வாடகைக்கு.

சிரித்தவர்கள் அந்த ஊரின் கடைத்தெருவை ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. சாலையை அகலமாக்குகிறோம் என்று மரத்தையெல்லாம் வெட்டிவிட்ட தெரு அது. முதலில் சலூன்காரர் தன் சுழல் நாற்காலியோடு வந்தார். அடுத்து ஒரு தையல்காரம்மா. அப்புறம் செருப்புத் தைப்பவர், சைக்கிள் கடைக்காரர், தட்டச்சு வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற வாத்தியார். ஒரு வாரத்தில் கண்ணாடிக் காட்டுக்குள் ஒரு கடைத்தெருவே குடிவந்துவிட்டது.

தகராறு உடனே ஆரம்பித்தது. கண்ணாடிகளுக்குச் சூரியனோடு சேர்ந்து திரும்புவதுதான் வேலை. கண்ணாடி திரும்பினால் நிழலும் நகரும். நிழல் நகர்ந்தால் கடையும் நகர வேண்டும். சலூன்காரர் ஒரு கன்னத்தைச் சிரைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளுவார். வாடிக்கையாளர் நுரை பூசிய மறு கன்னத்தோடு கூடவே நடப்பார். தட்டச்சு வகுப்பு மொத்தமும் மேஜையைத் தூக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. உயரத்தில் இருந்த கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஊரே சேர்ந்து எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கும்.

சலூன்காரர்தான் எல்லோருக்கும் பேசும் ஆள். அவர் படியேறி வந்தார்.

"மேடம், நாங்க வாடகை குடுத்தது ஒரு எடத்துல நிக்கிற நிழலுக்கு. இது ஓடுற நிழலா இருக்கு."

"கண்ணாடி திரும்பலைன்னா கரண்ட் வராது ஐயா."

"கரண்ட் எங்களுக்கு வேணாம். எங்ககிட்ட கத்தரிக்கோல்தான் இருக்கு."

பக்கத்தில் நின்ற லாபம் சார் சலூன்காரரைக் கனிவோடு பார்த்தார். நிலையம் திறந்த நாளிலிருந்து ஒழுங்காகப் பணம் கட்டிய முதல் வாடிக்கையாளர் அவர்தான். "கண்ணாடியைப் படுக்கப் போட்டுடுங்க, நிழல் அவ்வளவா ஓடாது" என்றார் உப்பக்காவிடம்.

படுக்கப் போடுவது அவ்வளவு சுலபமில்லை. கண்ணாடிகளை ஆட்டி வைக்கும் கம்ப்யூட்டருக்கு லாபம் தெரியாது, வாடகை தெரியாது. புயல் என்றால் மட்டும்தான் கண்ணாடிகளைத் தரைக்கு இணையாகப் படுக்க வைக்கும். ஆகவே அன்றிலிருந்து தினமும் காலையில், ஒரு பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழே, உப்பக்கா புயல் பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கிகள் தாமாகவே அலறும்: "கடும் புயல் எச்சரிக்கை. அனைவரும் உடனே கண்ணாடிகளை விட்டு வெளியேறவும்." அதைக் கேட்டதும் வாசலில் காத்திருக்கும் கடைக்காரர்கள் சாமான்களோடு உள்ளே வருவார்கள். வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, தங்களுக்குத் தெரியாத புயல் ஒன்று அந்தப் பக்கம் தினமும் அடிக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆமாம், சின்னப் புயல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று லாபம் சார் சமாதானம் சொன்னார்.

சூரிய மின் நிலையம் நின்றது. லாபம் வந்தது.

உப்பக்காவுக்கு உப்பைப் பற்றித்தான் கவலை. கண்ணாடி படுத்துவிட்டால் உப்பு சூடாவது எப்படி?

"உப்பு இனிமே எதுக்குங்க?" என்று லாபம் சார் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்வாங்கினார். நல்ல வேளையாகக் கடன் கொடுத்தவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், நிலையம் எந்நேரமும் ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று இருந்தது. உப்பு உறைந்தால் அந்த வாக்கு போச்சு. ஆகவே மின் அடுப்பால் சூடாக்குவது என்று முடிவாயிற்று. மலிவாகக் கரண்ட் தர யார் இருக்கிறார்கள் என்று விசாரித்ததில் லாபம் சாருக்குக் கிடைத்த ஆள், தான் தகடு மாட்டிய மாடிகளில் மிஞ்சும் கரண்டைச் சேர்த்து விற்க ஆரம்பித்திருந்த அவளுடைய கொழுந்தன்.

அவன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தான். கேலி செய்ய வாயைத் திறந்தான். அண்ணி அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"சூரிய நிலையத்துக்கு நான் சூரிய கரண்ட் விக்கிறேன். இதுல எனக்கே பெருமை இல்ல அண்ணி" என்றான்.

"உப்பு நல்லா இருந்தா போதும்டா. எங்கிருந்து வந்தா என்ன?" என்றாள். சொன்னாளே தவிர, மனசு ஆறவில்லை. ஒன்றுக்கும் உதவாத உப்பைச் சும்மா சுட வைத்துச் சுட வைத்து, முழு நாளும் அதன் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பிழைப்பா என்றிருந்தது. சம்பளம் வாங்கும்போது கூசியது.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், மின் விநியோக அலுவலகத்திலிருந்து போன். பேசியவர் களைத்துப்போன குரலில், "உங்ககிட்ட பெரிய மின் அடுப்பு இருக்காமே?" என்று ஆரம்பித்தார்.

இருந்தது. நிலையம் கட்டும்போது யாரோ அளவைத் தப்பாக எழுதியதில், தேவைக்குப் பல மடங்கு பெரிய அடுப்புகள் வந்து இறங்கியிருந்தன. திருப்பி அனுப்பும் செலவுக்குப் பயந்து மாட்டிவிட்டார்கள்.

"ஊர் பூரா மாடியில தகடு மாட்டிட்டாங்க. மத்தியானம் வர்ற கரண்டை எங்கே கொட்டுறதுன்னு தெரியல. லைன் தாங்காது. நீங்க கொஞ்சம் எடுத்துக்கணும்."

"எங்களுக்கு வேண்டிய கரண்டை ஏற்கெனவே வாங்கிட்டிருக்கோமே."

"வாங்க வேணாம். சும்மா எடுத்துக்குங்க."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு லாபம் சாரிடம் சொன்னாள். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, "சும்மான்னா யோசிக்கணும்னு சொல்லுங்க" என்றார். அவள் அப்படியே சொன்னாள். மறுமுனையில் கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, எடுத்துக்கிட்டா நாங்க காசு தர்றோம்."

லாபம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அடுப்புகளை முழுசாக எரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு தொட்டி விளிம்புவரை சூடேறியது. சூரியன் விழுந்ததும் அதே குரல் மறுபடி கூப்பிட்டது. இப்போது களைப்போடு பதற்றமும் சேர்ந்திருந்தது. ஊர் பூராவும் விளக்கைப் போட்டுவிட்டது, தகடுகள் செத்துவிட்டன, கரண்ட் போதவில்லை, என்ன விலையானாலும் தருகிறோம்.

உப்பக்கா டர்பைனைக் கிளப்பினாள். அது முதலில் இருமியது, அப்புறம் பழைய பாட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் உள்ளங்கையை அதன் கூட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். மத்தியானம் யாருக்கும் வேண்டாத கரண்டைக் காசு வாங்கிக்கொண்டு எடுப்பது, உப்பில் போட்டு வைப்பது, சாயங்காலம் அதையே காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது. நடுவில் நிழலுக்கு வாடகை வேறு. தலைமை அலுவலகம் பூரித்துப்போனது. தூர தேசங்களிலிருந்து ஒரு குழு, கூலிங் கிளாஸும் தொப்பியுமாக, லாபத்தில் ஓடும் சூரிய அனல் மின் நிலையத்தைப் பார்க்க வந்தது. கோபுரத்தின் உச்சி கறுப்பாக இருப்பதையும், கண்ணாடிகள் படுத்துக் கிடப்பதையும், அவற்றின் கீழே ஒருவர் தலைக்கு மசாஜ் செய்துகொண்டிருப்பதையும் பார்த்தார்கள்.

குழுவின் தலைவி உப்பக்காவிடம் தனியாக, "இதில் சூரியன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

"மேலே இருக்குங்க" என்றாள் உப்பக்கா. வேறு என்ன சொல்ல.

அன்று வீட்டுக்குப் போகாமல் நேராகச் சலூன்காரரிடம் போனாள். அவர் கடையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, வாரத்துல ஒரு நாள் உங்களுக்கு லீவுதானே?"

"ஆமாம். செவ்வாய்."

"அன்னிக்கு மட்டும் கண்ணாடியைத் திருப்பிக்கட்டுமா?"

அவர் கத்தரிக்கோலைத் துடைத்தபடி யோசித்தார். "எதுக்கு மேடம்? லாபம் வருமா?"

"வராது. அடுப்புல சுடுறதுதான் லாபம். எனக்கு ஆசையா இருக்கு, அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, திருப்பிக்கங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லிடுறேன். எல்லாருக்கும் அன்னிக்கே லீவு விட்டா போச்சு."

லாபம் சாரிடம் அவள் அனுமதி கேட்டபோது, அவர், "புயல் தினமும் அடிச்சா வானிலைக்காரங்களுக்கும் சந்தேகம் வரும். வாரத்துல ஒரு நாள் ஓயறது நல்லதுதான்" என்றார். தலைமை அலுவலகத்துக்குப் பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் செவ்வாய்க்கிழமை கணவரையும் அழைத்துக்கொண்டு போனாள். தையல்காரம்மா இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கட்டியிருந்த கொடியை அவிழ்க்கவே அவருக்குப் பாதிக் காலை போய்விட்டது. அப்புறம் அவள் வழக்கம்போலக் காலையில் அறிவித்திருந்த புயலை ரத்து செய்தாள். கண்ணாடிகள் சோம்பல் முறிப்பதுபோல ஒவ்வொன்றாக எழுந்தன; முனகின; தூசி உதிர்ந்தது. பிறகு அத்தனையும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்ப, கோபுரத்தின் தலை வெள்ளை வெளேரென்று பற்றிக்கொண்டது. பார்க்க முடியாத வெளிச்சம். உப்பு மேலே ஏறியது.

கணவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் இங்கே வந்து இதைப் பார்த்ததே இல்லை.

"இதையா நீ தினமும் செஞ்சிட்டிருந்தே?"

"ஆமாம்."

"சொல்லவே இல்லையே."

"சொன்னேன். நீங்கதான் தட்டைப் பார்த்துட்டிருப்பீங்க."

அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அவளுக்கு முதலில் எடுத்து வைத்தார். இருவரும் கட்டுப்பாட்டு அறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தொட்டியில் உப்பின் சூடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதை எழுந்து போய்ப் பார்க்கவில்லை.