மூட்டைக்கு ஒரு நட்சத்திரம்

பழைய மல்யுத்த நிகழ்ச்சிகளைத் தேடிப் பார்த்து, மோதுகிறவர்களுக்கு நட்சத்திரம் போட்டு இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவன் நான். வாழ்நாளில் யாரையும் ஒரு தட்டுத் தட்டியதில்லை. ஆனாலும் தீர்ப்பில் கறாரானவன்.

நேற்று ஒரு மோதலைப் பற்றி இப்படி எழுதினேன்: "இரும்புத்தூண் என்ற மல்லர் எதிராளியை அப்படியே தலைக்கு மேல் தூக்கியது அசுர பலம். நான்கு நட்சத்திரம். முகமூடிக்காரர் மூட்டைபோலக் கிடந்தார். போனால் போகிறது, ஒன்று."

இன்று காலை மாமனார் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்த முகமூடி நான்தான் மாப்பிள்ளை."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. முன்பே பேசிவைத்தபடி தோற்று, எதிராளியைப் பலசாலியாகக் காட்டுவதுதான் அவருக்கு உத்தியோகமாம்.

"இருபது வருஷம் பார்த்த வேலை. அதைப் பத்தி எழுதின ஒரே ஆள் நீங்க. நீங்களும் மூட்டைன்னுட்டீங்களே?"

"தூக்கினது அவர்தானே மாமா?"

"அவனா? தண்ணிக் குடத்தைத் தூக்கினாலே அவனுக்கு இடுப்பு பிடிச்சுக்கும். நான்தான் எம்பிக் குதிச்சு ஏறினேன்."

அந்த மோதலை மறுபடியும் போட்டுப் பார்த்தோம். நான்கு முறை பார்த்தும் அவர் குதித்தது என் கண்ணில் படவில்லை. கூச்சத்தோடு ஒப்புக்கொண்டேன்.

மாமனார் முதல்முறையாக உட்கார்ந்தார். "நிஜமாவே தெரியலையா?"

"சத்தியமா தெரியலை மாமா. நீங்க ஒண்ணுமே செய்யாத மாதிரிதான் இருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்புறம் அந்த ஒரு நட்சத்திரம் மட்டும் எதுக்கு?" என்றார். "அதையும் எடுத்துடுங்க."