குடம் போய் வந்த பந்தல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், உத்திரமேரூர் போகும் முதல் பஸ்ஸிலிருந்து தாயாரம்மாள் பாதி வழியில் இறங்கினாள். பனி இன்னும் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். செத்துப்போன அம்மாவின் குடம் அது. அது யாருக்கு என்கிற சண்டையில்தான் தங்கை பவளத்தோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. இப்போது பவளத்தின் மகள் சுலோச்சனாவுக்கு மாப்பிள்ளை ஊரில் கல்யாணம். மஞ்சள் தடவிய கடிதாசி வந்திருந்தது. தாலி ஏறுவதற்குள் குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கும் போகாவிட்டால் அக்கா தங்கை என்பது அத்தோடு சரி.

பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சாலையில் வண்டி நிற்கும் என்று கடிதாசியில் எழுதியிருந்தது. மாவிலை கட்டிய மாட்டு வண்டி ஒன்று நின்றது. வண்டியோட்டி முனியன், "கல்யாணத்துக்குத்தானே?" என்றான். ஆமாம் என்று ஏறிக்கொண்டாள்.

ஏரிக்கரை மேல் வண்டி போயிற்று. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. கொக்குகள் காற்றிலேயே நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது. தாயாரம்மாளுக்குக் கண் சொருகியது. அம்மா அந்தக் குடத்தோடு தண்ணீர் மேல் நடந்து வந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பந்தலில் யாரும் அவளை யாரென்று கேட்கவில்லை. பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை பக்கம் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கம் என்று நினைத்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவளை நீ யார் என்று கேட்டுவிட்டால் அந்தக் குறை தலைமுறைக்கும் தீராது. சந்தனம் கொடுத்தார்கள். இலை போட்டுப் பொங்கலும் வடையும் வைத்தார்கள், வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள். யாரோ குடத்தை வாங்கி, மஞ்சள் பூசி, தண்ணீர் நிரப்பிச் சீர் வரிசையில் வைத்துவிட்டார்கள்.

பவளத்தைக் காணோம். அவளாக வந்து கூப்பிடட்டும் என்று தாயாரம்மாள் வீம்பாக உட்கார்ந்திருந்தாள்.

பெண்ணை அழைத்து வந்தார்கள். ஏழு வயதில் பார்த்த சுலோச்சனா. ஓமப் புகைக்குள் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, மூக்கு பவளத்தின் மூக்காயிற்று, நெற்றி அம்மாவின் நெற்றியாயிற்று. தாயாரம்மாளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பெண்ணின் அம்மா சிட்டம்மாள் அருகில் வந்து, ஏன் அழுகிறாள் என்று விசாரித்தாள்.

"எங்கம்மா ஜாடை அப்படியே கீது. பவளம் எங்க?"

"எந்தப் பவளம்?"

கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளிவந்தது. இது வேறு யார் வீட்டுக் கல்யாணமோ. பவளத்தின் சம்பந்தி வீட்டு வண்டி அடுத்த திருப்பத்தில், ஆலமரத்தடியில் நின்றிருக்கிறது. பெண்கள் சிரித்தார்கள். தாயாரம்மாள் சிரிக்கவில்லை. பந்தலில் வைத்த சீரைத் திருப்பிக் கேட்பது அபசகுனம்; கேட்காமல் எழுந்தால் தங்கை முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அவள் கண் குடத்தை விட்டு நகரவில்லை.

சிட்டம்மாள் அதைப் பார்த்தாள். தானே போய்த் தண்ணீரை வாழை மரத்தடியில் ஊற்றினாள். வெறுங்குடமாக அனுப்பக் கூடாதென்று இரண்டு கை அரிசி போட்டு, அதன் கழுத்தில் கனகாம்பரம் சுற்றினாள்.

"பொங்கலும் துன்னுட்டு குடத்தயும் தூக்கிகினு போறவள இப்பத்தான் பாக்கறேன்," என்று சொல்லி, அவள் இடுப்பில் வைத்துவிட்டு, முனியனை வண்டி பூட்டச் சொன்னாள்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது மேளம் ஓய்ந்திருந்தது. தாலி ஏறியாகிவிட்டது. பந்தல் வாசலில் பவளம் சாலையைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. குடத்தைப் பார்த்தாள், அதன் கழுத்தில் வேறு யாரோ கட்டிய பூவைப் பார்த்தாள்.

"சாப்டியா?"

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு அது.

"இல்ல," என்றாள் தாயாரம்மாள்.

"அப்ப எந்த வூட்டு வெத்தலக்கா இது? வாயெல்லாம் செவந்து கீது."

தாயாரம்மாள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். வேறொரு பெண்ணைப் பார்த்து அழுததைச் சொன்ன இடத்தில் பவளம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. பிறகு குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பந்திக்கு இழுத்துப்போய் உட்கார வைத்து, தானே பரிமாறினாள்.

இலையில் மறுபடியும் பொங்கல், மறுபடியும் வடை. முதல் கவளத்திலேயே வயிறு இடமில்லை என்றது. தாயாரம்மாள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.