இரண்டு தட்டுகளிலும் வளராத பூஞ்சணம்

1

இந்தக் கதை ஒரு பூஞ்சணத்தில் தொடங்கியது. மனிதர்களைப் பிறகுதான் தேடினேன். ஒரேயொரு பரம்பரையலகு, அதாவது மரபணு, கெட்டால், சம்பந்தமே இல்லாத இரண்டு உணவுகளை அது உண்ணமுடியாமல் போகும் என்று வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதல் வரி: ‘சாய்ந்தமருதுக் கடற்கரையில் அலைகள்…’

(அடித்துவிட்டேன். இந்தக் கரையில் அலையில்லாமல் தொடங்கும் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

2

றிஸ்லா சாய்ந்தமருதுக்காரி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பூஞ்சணம் வளர்ப்பவள். நோன்பு மாதம் முழுக்க, அவள் நேரத்தோடு வீட்டுக்குப் போகட்டும் என்று தட்டுகளுக்கு உணவு ஊற்றும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் உதவியாளர் கனகசபாபதி. பாண்டிருப்புக்காரர். ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அவள் முன்னால் தேநீர்கூடக் குடிக்கமாட்டார்.

ஒரு தட்டில் நைத்திரேற்று, மற்றதில் ஐப்பொட்சாந்தைன். நல்ல பூஞ்சணம் இரண்டிலும் வளர்ந்தது. பரம்பரையலகு கெட்டு விகாரமடைந்தது நைத்திரேற்றில் வளராது என்பது அவளுக்குத் தெரியும். மற்றதில் வளரும் என்று நினைத்திருந்தாள். அதிலும் வளரவில்லை. இரண்டு தட்டிலும் நைத்திரேற்றையே ஊற்றிவிட்டார் என்று முடிவுகட்டினாள்.

“நான் நிண்டிருந்தா இப்படி நடந்திராது.”

“பார்த்துத்தான் ஊத்தின நான், மிஸ்.”

அவள் துறைத்தலைவருக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினாள். கனகசபாபதி லீவு போட்டார்.

(இங்கே அவரைக் கதவை அடித்துச் சாத்த வைத்தேன். அவருக்குப் பொருந்தவில்லை. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார்.)

3

பெருநாள் கழிந்து றிஸ்லா தன் கையாலேயே ஊற்றினாள், மூன்று தடவை. மூன்றிலும் அதே முடிவு. பிறகுதான் உறைத்தது: அந்த இரண்டு உணவையும் உடைக்கும் நொதியங்கள் வேறு வேறு, இரண்டுக்கும் வேண்டிய துணைப்பொருள் ஒன்று. அதை உண்டாக்கும் பரம்பரையலகுதான் கெட்டிருந்தது. எது கெட்டது என்று அவள் ஆறு மாதமாகத் தேடிய விடை கனகசபாபதி ஊற்றிய தட்டுகளிலேயே இருந்திருக்கிறது.

அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. கடிதம் அவருடைய கோப்பில் கிடந்தது.

4

ஒரு முடிவில் அவள் கடிதத்தைத் திருப்பி வாங்குகிறாள், அவர் சிரித்து மன்னிக்கிறார். கிழித்தேன். அடிபட்டவரே பெருந்தன்மையும் காட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்? இன்னொன்றில் அவர் அவளை ஏசி

(இதுவும் வேண்டாம்.)

மிஞ்சியது இவ்வளவுதான். பாண்டிருப்பில் அவர் வீட்டு வாசலில் மூடிய படலை, வெளியே றிஸ்லா. அவரே வந்தார்.

“என்ன மிஸ், பங்கசு வளந்ததா?”

“இல்ல ஐயா. என்ட கையால ஊத்தியும் வளரல்ல.”

“அப்ப நான் சரியாத்தான் ஊத்தியிருக்கன்.”

“ஓம்.”

அடுத்த வரி றிஸ்லாவுடையது. ஏழு தடவை எழுதினேன். ஏழிலும் அவள் நொதியத்தைப் பற்றியே கதைக்கிறாள். என்னால் முடியவில்லை. தான் இல்லாத நேரத்தில் தனக்காக வேலை செய்தவரையே சந்தேகித்த யாராவது இதை வாசித்தால், அந்த வரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லுங்கள். அவர் இன்னும் படலையைத் திறக்கவில்லை.