ரோஷனின் நாற்காலிக்கு ஒரு போல்ட்

"அத்தா, என்னை நாற்காலி புடிச்சிக்குது. நாற்காலிய யாரு புடிச்சிக்குவாங்க?"

நான்கு வயது ரோஷன் இடுப்புப் பட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள். அவள் அப்பா அப்துல் கையூமுக்குப் பதில் தெரியாமல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து மச்சான் சுலைமான் அனுப்பிய குழந்தை நாற்காலி அது. அது வந்த அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. நாற்காலியைப் பின் சீட்டில் வைத்து, அதன் முதுகிலுள்ள நீளப் பட்டையைக் காரின் தகட்டில் துளைபோட்டு போல்ட்டால் முடுக்க வேண்டும்.

வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய புதுக் காரில் துளையா? சீட்டுகளின் பாலிதீன் உறையைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தவர்கள் வேர்த்து வழுக்குவதை அந்தஸ்து என்று நினைத்திருந்தார். செங்கல்பட்டில் பாதி வீடுகளின் கதவையும் ஜன்னலையும் பிடித்துக்கொண்டிருந்தவை இவருடைய இரும்புக் கடை போல்ட்டுகள்தாம். பெற்ற மகளுக்கு ஒன்று எடுத்துக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

நாற்காலியை முன் சீட்டில் வைத்தார். பின்னால் வைத்தால் கடைத்தெரு எப்படிப் பார்க்கும்? பட்டையும் வீண்போகவில்லை. டிக்கியில் பிரியாணி தேக்சா உருளாமலிருக்க அதைக் கொண்டு கட்டினார். அந்தக் காரில் மகளைவிடத் தேக்சா பத்திரமாக இருந்தது.

"கண்ணாடியில 786 ஒட்டிக்கீது. அது பாத்துக்கும்" என்றார்.

"அப்ப கடைக்கு எதுக்குப் பூட்டு?" என்றாள் பின் சீட்டிலிருந்து மனைவி பதருன்னிசா.

தன் வேலையையும் ஆண்டவன் தலையில் ஏற்றிவிட்டு அதைப் பக்தி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆண்டவன் அவர்களையும் பொறுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

மாமல்லபுரம் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். பஸ் நிலையத்தருகே காலிக் கூடையோடு கன்னியம்மா நின்றாள். வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். மாமல்லபுரம் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். பதருன்னிசா கதவைத் திறந்துவிட்டாள்.

"கூடைய மடியில வச்சிக்கோ. காரு நாறிடும்" என்றார் கையூம்.

"ஒங்க வூட்டுக் கொழம்புல நாறலியா பாய்?" என்று சிரித்தபடி ஏறினாள்.

ரோஷன் திரும்பிப் பார்த்து, அதே கேள்வியை அவளிடமும் கேட்டாள்.

"நான் புடிச்சிக்கிறேன் கண்ணு." கன்னியம்மா முன் சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, நாற்காலியின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள்.

"ஃபாரின் சாமான் அது. மீன் கைய வெச்சி அழுக்காக்காத."

"அழுக்கு கழுவுனா பூடும் பாய்." கையை அவள் எடுக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஓர் எருமை சாலைக்குள் இறங்கியது. கையூம் பிரேக்கை மிதித்தார். பாலிதீன் மேல் நாற்காலி வழுக்கியது. ஊர் பார்க்க வைத்த சாமான், மகளோடு சேர்ந்து டேஷ்போர்டை நோக்கிப் பாய்ந்தது. பின்னாலிருந்த கை அதை இழுத்து நிறுத்தியது. கண்ணாடி வளையல்கள் நொறுங்கி கன்னியம்மாவின் மணிக்கட்டில் ஏறின. குழந்தையின் நெற்றிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

பதருன்னிசா முந்தானையைக் கிழித்து அந்தக் கையில் கட்டுப் போட்டாள். குழந்தையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கணவரைத் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டபோது கையூம் பர்ஸைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

"டப்பு வாணாம் பாய். நாற்காலிய ஒயுங்கா கட்டி வெய்யி. அத்தினியே எனக்குக் குடுத்த மாரி" என்று கூடையை இடக்கையில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீடு உண்டு உறங்கிக்கொண்டிருந்தது. கையூம் அடைத்திருந்த கடையைத் திறந்து, இருப்பதில் தடித்த போல்ட்டையும் வாஷரையும் கை டிரில்லையும் எடுத்து வந்தார். கார் ஷெட்டில் வேறு யாரும் இல்லை. பின் கண்ணாடிக்குக் கீழேயிருந்த தகட்டில் துளையிட்டார். புதுப் பெயின்ட் சுருண்டு உதிர்ந்தது. பல் கூசியது, நிறுத்தவில்லை. பின் சீட்டின் பாலிதீனைக் கிழித்து எறிந்து, நாற்காலியை அங்கே வைத்தார். பிரியாணி நெய் படிந்திருந்த பட்டையைத் துடைத்துக் கோத்து, போல்ட்டை முடுக்கினார்.

பிறகு நாற்காலியை இரண்டு கைகளாலும் பற்றி, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தார். அது அசையவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.