கஸ்தூரியின் வாக்குமூலம்

நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நாளில் கஸ்தூரி தட்டு நிறைய உப்பிட்டு என்கிற ரவை உப்புமாவை வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்ததும் சுமங்கலாவுக்கு நிம்மதியாக இருந்தது. பயந்துபோன பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வழக்கு முடியும்வரை கூடவே இருப்பதுதான் சுமங்கலாவின் வேலை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று எங்கே கூப்பிட்டாலும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். ரோண என்னும் கன்னட ஊர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். அவளைக் கண்டாலே காறித் துப்புகிற வீடுகளும் உண்டு.

கஸ்தூரியை இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். தகப்பன் இல்லாத பெண். அவ்வா என்று அவள் அழைக்கும் அம்மா நீலவ்வா தன் தம்பி ஃபக்கீரப்பாவின் நிழலில் இருந்தாள். டிராக்டர், கிணறு, ஊரில் நாலு பேர் கைகட்டி நிற்கும் செல்வாக்கு எல்லாம் அவனுக்கு இருந்தன. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த கஸ்தூரி, முகத்தில் தண்ணீர் தெளித்த டீச்சரிடம், "டீச்சர், என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க. மாமா இருக்காரு" என்றாள். டீச்சர் காது கொடுத்துக் கேட்டாள், போலீசுக்கும் சொன்னாள். ஃபக்கீரப்பா ஜெயிலுக்குப் போய், கொஞ்ச நாளில் ஜாமீனில் ஊர் திரும்பி, மாலை போட்டுக்கொண்டு டிராக்டரில் வலம் வந்தான். கஸ்தூரியோ சுமங்கலா தங்கியிருந்த பெண் பிள்ளைகள் விடுதியின் இரும்புக் கதவுக்குள் இருந்தாள்.

"தப்பு பண்ணுனவரு வெளிய சுத்துறாரு. சொன்னவ உள்ள இருக்கேன். இது என்னக்கா கணக்கு?" என்று அவள் அடிக்கடி கேட்பாள்.

கோர்ட் ஹாலுக்கு முன்கூட்டியே சுமங்கலா அவளைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள். நீ இங்கே உட்காருவாய், நடுவில் திரை இருக்கும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுத்தாள். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அழுகை வந்தா அழு. நடந்ததை மட்டும் சொல்லு."

"ஜட்ஜ் சார் கொட்டாவி விட்டா நானும் விடலாமாக்கா?"

"விடேன். ரெண்டு பேரும் சேர்ந்தே விடுங்க."

அந்த வாரம்தான் நீலவ்வா விடுதிக்கு வந்திருந்தாள். வெகு நாளாக எட்டிப் பார்க்காதவள், சஜ்ஜை என்னும் கம்பு மாவு ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் கட்டி எடுத்துவந்து, மகளை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து ஊட்டினாள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கஸ்தூரிதான் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள். அதனால் யாரும் தடுக்கவில்லை.

கோர்ட்டில் திரைக்குப் பின்னால் ஃபக்கீரப்பா ஒருமுறை இருமினான். கஸ்தூரியின் முதுகு நிமிர்ந்தது. அரசு வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"உங்க மாமா உன்கிட்ட எப்படி நடந்துக்கிட்டாரும்மா?"

"நல்லபடியாதான் நடந்துக்கிட்டாரு."

"பயப்படாம சொல்லு."

"பயமில்ல சார். எதுவும் நடக்கல. படிக்கச் சொல்லித் திட்டுனாரு. அந்தக் கோவத்துல பொய் சொல்லிட்டேன்."

அரசு வக்கீல் காகிதங்களை மேசையில் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் தேசாயி எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தேன் தடவிய குரலில் கேட்டார். "இவ்வளவு பெரிய பொய் சின்னப் பொண்ணுக்குத் தானா வராதே. யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?"

கஸ்தூரி கையை நீட்டிப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "இந்த அக்காதான்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலே சுமங்கலாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவள் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தபடி நின்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் நீலவ்வா காத்திருந்தாள். நாலு பேர் கேட்கும்படியாகவே பேசினாள். "உனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. அதுக்கு ஊரான் புள்ளயப் பறிச்சு வளக்கலாம்னு பாத்தியா? மலடிக்கு என்னடி தெரியும் பெத்தவ வலி?"

ஃபக்கீரப்பா அக்காவை அடக்குவதுபோலக் கையை உயர்த்தினான். பிறகு சுமங்கலாவைப் பார்த்துக் கும்பிட்டான். "மனசுல வச்சுக்காதீங்க மேடம். வீட்ல இனிப்பா ஹோளிகே செய்யச் சொல்லியிருக்கேன். வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க." கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

ஜீப் ஊரைத் தாண்டியதும் சுமங்கலா வாயைத் திறந்தாள். தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உன்னை மாதிரி ஒருத்தி பண்றதாலதான்டி, அடுத்து வர்ற புள்ள நெஜத்தைச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டேங்கிறான். எனக்கு என்ன வந்துச்சு, நான் போயிட்டே இருப்பேன். அந்தப் புள்ளைங்களோட பாவம் உன்னைத்தான் சேரும்."

வெளியே வயல் ஓரத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். கஸ்தூரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சவிதா பெரியவளாயிட்டா அக்கா" என்றாள்.

சவிதா அவளுடைய தங்கை. பதின்மூன்று வயது.

"அவ்வா ரொட்டி ஊட்டுனப்ப சொன்னா. நீ கோர்ட்ல இல்லன்னு சொல்லிட்டா சவிதாவைக் கொண்டாந்து உன் விடுதியிலயே விட்டுர்றேன். சொல்லலன்னா அவளை மாமாவுக்கே பேசி முடிச்சுருவேன்னு. உரிமைப்பட்ட மாமன்தானே, ஊருல யாரு கேப்பான்னா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? போலீசோட போயி நிப்பீங்க. அதுக்குள்ள அவளை எந்த ஊருக்காவது கடத்திருப்பாங்க." அவள் குரல் உடையவே இல்லை. "எனக்கு நடந்தது நடந்துருச்சு. ஜட்ஜ் சார் என்ன எழுதுனாலும் அது நடக்காமப் போயிருமா? அவளாவது தப்பிக்கட்டும்."

டிரைவர் கியரை மாற்றினான். சுமங்கலா அவள் கையைப் பிடிக்கப் போனாள். கஸ்தூரி கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஃபக்கீரப்பா விடுதலையானான். சொன்னபடி சவிதாவை யாரும் கொண்டுவந்து விடவில்லை. கஸ்தூரி தினமும் கேட் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தாள். பிறகு போவதை நிறுத்திவிட்டாள். சுமங்கலா குழந்தைகள் நலக் குழுவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, ஒரு பெண் போலீசையும் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனாள்.

வாசலில் சவிதா உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சை வளையல்.

"நிச்சயம் பண்ணியாச்சு" என்றாள் நீலவ்வா. "கல்யாணம் பதினெட்டு வயசுலதான் பண்ணுவோம். சட்டம் எங்களுக்கும் தெரியும். போயிட்டு வாங்க."

"அதுவரைக்கும் அவ எங்க விடுதியில இருந்து படிக்கட்டும்மா."

"நான் வரமாட்டேன்" என்று எழுந்தாள் சவிதா. "மாமா எனக்கு போன் வாங்கித் தந்துருக்காரு. சைக்கிள் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு. அந்தப் பொய்க்காரி இருக்கிற எடத்துக்கு நான் ஏன் வரணும்? அவளாலதான் எங்க மானம் போச்சு."

பெண் போலீஸ் அவள் கையைப் பிடித்தபோது வளையல்கள் நொறுங்கின. சவிதா போலீஸின் மணிக்கட்டைக் கடித்தாள். தரையில் விழுந்து புரண்டாள். இரண்டு பேர் தூக்கித்தான் ஜீப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. நீலவ்வா மண்ணை வாரி ஜீப்பின் மேல் வீசினாள். "மூத்தவள முழுங்குன, இப்ப எளையவளயுமா? நீ நாசமாப் போக!" தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. குழந்தையைக் கடத்துகிறவளைப்போலச் சுமங்கலா தலையைக் குனிந்துகொண்டாள்.

கஸ்தூரி தன் பாயையும் போர்வையையும் தங்கைக்காக விரித்து வைத்திருந்தாள். சவிதா அந்தப் போர்வையைக் காலால் தள்ளிவிட்டு வெறுந்தரையில் படுத்தாள். சாப்பிடும்போது கஸ்தூரி பரிமாறினால் தட்டைக் கவிழ்ப்பாள். பொய்க்காரி, பொய்க்காரி என்று அவள் கத்திக் கத்தி, விடுதியில் இருந்த மற்றப் பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். "பொய்க்காரி அக்கா, சோப்பு எங்க?" என்று கேட்டன பொடிசுகள். கஸ்தூரி சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் அவகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் சுமங்கலா.

"வேணாம்கா. திட்டட்டும். திட்டுறதுக்காவது இங்க இருக்காளே."

நாகபஞ்சமிக்கு விடுதியில் எள்ளுருண்டை பிடித்தார்கள். வேப்ப மரத்தில் ஊஞ்சல் கட்டினார்கள். பிள்ளைகள் எல்லாம் ஆடி முடித்துப் போன பிற்பகலில் சவிதா தனியாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. கஸ்தூரி பின்னால் போய் மெல்லத் தள்ளிவிட்டாள். சவிதா இறங்கிப் போகவில்லை. ஏழெட்டு முறை போய் வந்தபின், முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, உனக்கும் முதல்ல வளையல்தான் வாங்கித் தந்தாரா?"

கஸ்தூரியின் கை நின்றுவிட்டது. ஊஞ்சல் திரும்பி வந்து அவள் மார்பில் மோதியது.

"எப்பலேர்ந்து?"

"சிவராத்திரிக்கு அப்புறம்."

கோர்ட்டுக்குப் போனது அதற்கும் ஒரு மாதம் தள்ளி, வருடப்பிறப்பான உகாதி கழிந்து. அவ்வா ரொட்டி ஊட்டியதும் உகாதி கழிந்துதான்.

"அவ்வாவுக்குத் தெரியுமா?"

சவிதா கயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அவதான் வெளிய கதவைச் சாத்துனா. மாமா கோவிச்சுக்கிட்டா நாம நடுத்தெருவுலன்னா."

அன்று சாயங்காலம் கஸ்தூரி சுமங்கலாவின் அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"விக்கிறதுக்கு முன்னாடியே ஒடஞ்ச பானையை அவ்வா என் தலையில கட்டிட்டா அக்கா. சவிதாவுக்கு அப்பவே எல்லாம் நடந்துருச்சு. தெரிஞ்சே கட்டிட்டா." ஊஞ்சல் இருந்த பக்கம் பார்த்தபடி சொன்னாள். "இப்ப சவிதா சொன்னா எவன் நம்புவான்? பொய்க்காரியோட தங்கச்சிம்பாங்க. அன்னைக்கு ஜீப்புல சொன்னீங்களே, அடுத்து வர்ற புள்ளன்னு. அது இவதான்."

அந்த ஜீப் பேச்சை எண்ணிச் சுமங்கலா பல நாள் தூங்காமல் கிடந்திருக்கிறாள். இப்போது எழுந்து வந்து கஸ்தூரியின் பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்து நின்றாள். இந்தத் தடவை கஸ்தூரி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனில் ஃபக்கீரப்பாவின் பெயரைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "மறுபடியும் அதே வீடா? போன தடவை எங்களை முட்டாளாக்குனது போதாதா மேடம்?"

"எழுதுங்க சார். எழுதுற வரைக்கும் இங்கேயே இருக்கோம்."

எழுதினார்கள். சவிதா சொல்லும்போது ஒரு இடத்தில் நிறுத்தி அக்காவின் காதில், "அவ்வா பேரையும் சொல்லணுமா?" என்று கேட்டாள். "உனக்கு எப்படித் தோணுதோ" என்றாள் கஸ்தூரி. சவிதா அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை.

வழக்கு வந்தபோது கஸ்தூரிக்குப் பதினெட்டு வயது தாண்டியிருந்தது. விடுதியை விட்டு வெளியேறி, நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தான் முன்னால் கோர்ட்டில் சொன்னதுதான் பொய் என்று சொல்ல அவளாகவே சாட்சிக் கூண்டில் ஏறினாள். தேசாயி அவளுடைய பழைய வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தார்.

"'எதுவும் நடக்கல.' இது நீங்க சொன்னதுதானே?"

"ஆமா."

"'மாமா நல்லபடியாதான் நடந்துக்கிட்டாரு.' இதுவும்?"

"ஆமா."

"அன்னைக்கும் சத்தியம் பண்ணுனீங்க, இன்னைக்கும் பண்ணியிருக்கீங்க. உங்க வாய்ல எந்தச் சத்தியம்மா சத்தியம்? இந்தத் தடவை யாரு சொல்லிக்குடுத்தது?"

கஸ்தூரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், "போதும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் சவிதா அசையவில்லை. உங்க அக்கா பொய்க்காரிதானே என்று அவர் கேட்டதற்கு, "ஆமா, பொய்தான் சொன்னா. எனக்காகச் சொன்னா" என்றாள். தேதி கேட்டார், கிழமை கேட்டார், அன்றைக்கு என்ன பாவாடை என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அழுகை வந்தபோது அழுதாள். ஃபக்கீரப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. நீண்ட தண்டனை.

தீர்ப்பைச் சுமங்கலா தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். அதில் கஸ்தூரியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. மாற்றி மாற்றிப் பேசுகிறவர், இவருடைய சாட்சியம் நம்பத் தகுந்ததல்ல, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று.

"அப்ப எனக்கு நடந்ததுக்கு?"

"உன் வழக்கு அன்னைக்கே முடிஞ்சுருச்சு கஸ்தூரி. மறுபடி எடுக்க மாட்டாங்க."

கஸ்தூரி தலையை ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டவள்போல.

போலீஸ் வண்டி ஃபக்கீரப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதன் பின்னாலேயே ஓடி மூச்சிரைத்து நின்ற நீலவ்வா திரும்பி வந்தாள். மகள்கள் இருவரையும் தலைமுதல் கால்வரை பார்த்தாள். கத்துவாள் என்று சுமங்கலா முன்னால் போய் நின்றாள். அவள் கத்தவில்லை.

"எனக்கிருந்தது ஒரே தம்பி" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் பொறந்தப்பவே செத்திருக்கலாம்."

சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். கூண்டில் அவ்வளவு உறுதியாக நின்ற சவிதா, "அவ்வா! அவ்வா!" என்று கூவிக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று விழுந்தது. நீலவ்வா திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து பஸ்ஸில் ஏறினாள். பஸ் போனபின்னும் சவிதா ஒற்றைச் செருப்போடு ரோட்டு ஓரத்தில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி மற்றச் செருப்பை எடுத்துக்கொண்டுபோய், குனிந்து அவள் காலில் மாட்டிவிட்டாள்.