பட்டாணியின் தொட்டிலில் எதுவும் இல்லை

1

இந்தக் கதை ஒரு தலையணையிலிருந்து பிறந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்களுக்குப் போரும் காதலும் கிடைக்கின்றன.

அக்காவின் கணவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். அவரை அத்தான் என்பேன். அவர்களுடைய மூன்று மாதப் பெண் குழந்தையை வீட்டில் பட்டாணி என்கிறோம். அக்கா பக்கத்து அறையில் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள். பிரசவத்துக்குப் பிறகு அவளை இப்படிப் பார்த்ததில்லை. "நீ இருக்கேன்னுதான் கண்ண மூடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டாணியின் பகல் தூக்கம் என் பொறுப்பு. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

தொடக்கம்: மதிய வெயில் பொன்னாக உருகி

வேண்டாம். ஜன்னல் திரையை மூடிவிட்டேன்.

இன்னொன்று: பஞ்சுப் பொம்மைகள் காவலிருக்க, பட்டுப் போர்வைக்குள்

இதுவும் ஆகாது. தொட்டிலில் பொம்மை, போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூக்கை ஏதாவது மூடினால் இந்த வயதில் விலக்கத் தெரியாது. கெட்டியான சமமான மெத்தை, இழுத்து மாட்டிய விரிப்பு, அவ்வளவுதான். வாக்கியத்திலும் அவ்வளவே மிஞ்சியது:

பட்டாணி மல்லாந்து படுத்திருந்தாள்.

(உவமைகள் கதவுக்கு வெளியே நிற்கின்றன. பாவம்தான்.)

3

அத்தான் வருகிறார். கடையில் சாப்பாட்டு இடைவேளை. கக்கத்தில் தலையணை.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் மெத்தையைத்தான் அழுத்திப் பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அழுத்தியிருக்கிறார். இப்போது தொட்டிலுக்குள் கைவிட்டு மகளின் மெத்தையை அழுத்தினார். முகம் சுருங்கியது.

"இது மெத்தையா, பலகையா? எம்பொண்ணு இதுல படுத்தா கடையில நான் எப்படித் தலை காட்டுறது?"

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இருக்கிறதா? அவரை வங்கி ஊழியராக மாற்றிப் பார்த்தேன். தலையணையே வரவில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள், கதையைத் தவிர.)

அவர் தலையணையைத் தொட்டில் கம்பிக்கு மேல் தூக்கினார். நான் தடுக்க வேண்டும். காப்பியில் அவர் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிறவள் நான். ஆகவே சில வழிகள்:

அ. "அத்தான், அறிவியல்படி..." என்று ஆரம்பிக்கலாம். நீ படிச்சது புழு பூச்சியப் பத்தித்தானே என்பார். உண்மை. விலங்கியல்.

ஆ. அவரே மனம் மாறுகிறார். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இ. நான் மயங்கி விழு

தலையணை இறங்கிக்கொண்டிருந்தது.

"வைக்காதீங்க அத்தான். மூச்சு முட்டும்."

என் குரல்தான். தலையணை பாதி வழியில் நின்றது.

"அவ்ளோ சாஃப்ட்டும்மா இது."

"அதனாலதான்."

4

அவர் வாதாடவில்லை. தரையில் குப்புறப் படுத்து, தலையணைக்குள் முகத்தைப் புதைத்தார். விற்பனையாளர் சரக்கைச் சோதிக்கிறார் என்று விட்டுவிட்டேன். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. தலையணையை வெளியே வைத்து, அது திரும்பி வந்துவிடும் என்பதுபோல் கதவைத் தாழிட்டார்.

பிறகு தொட்டிலருகே குனிந்து, கடைக்குரலை மெல்லத் தணித்துப் பட்டாணியிடம் சொன்னார்: "நல்ல கெட்டியான ஐட்டம்மா. உங்களுக்காகவே வந்தது."

வாடிக்கையாளர் கொட்டாவி விட்டார்.

5

முடிவு ஒன்று: தூங்குகிறாள். முடிவு இரண்டு: வீறிடுகிறாள், அக்கா எழுந்துவிடுகிறாள். இரண்டும் எனக்கு எழுத வரும். ஆனால் தூக்கத்தை மட்டும் யாரும் தொட்டிலில் கொண்டுவந்து வைக்க முடியாது. மற்றவற்றை வெளியே எடுத்து வைக்கலாம். எடுத்தாயிற்று.

இப்போது சிணுங்குகிறாள். வாரித் தூக்க அவசியமில்லை. வயிற்றில் லேசாகக் கை வைத்தால் போதும். அத்தான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறார். என் ஒரு கையில் நோட்டு. கொடுக்க மிச்சம் ஒரு கை. அதில்தான் பேனா இருக்கிறது. ஆகவே பேனாவை வைத்துவிடுகிறேன், இனி நீங்கள்