ஆவுடைத்தாய் அணைத்த பொறி

நல்லசிவத்துக்கு அன்று வந்த கோபத்துக்கு பட்டாசு ஊரான நாரணாபுரமே நாலு முறை வெடித்துச் சிதறியிருக்க வேண்டும். சாமி புண்ணியத்தில் ஊர் தப்பியது.

இரண்டாயிரத்து நாலில் அச்சாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, செத்துப்போன மாமனாரின் தச்சுச் சாமான்களைத் தூக்கி முற்றத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உளி, ரம்பம், இழைப்புளி. துருவா அது? கடலுக்கடியில் நூறு வருஷம் கிடந்த கப்பல்கூட அதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும்.

மச்சினன் செல்லப்பாண்டி வந்து காலால் எத்திப் பார்த்தான். "மச்சான், இது வெண்ணெயக் கூட வெட்டாது. நான் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு ஞாயித்துக்கெளமை வாரேன். அதுக்குள்ள உங்க வீட்டு இறுகுன கதவ இந்த இழைப்புளியால இழைச்சுக் காட்டுங்க. இல்லன்னா அம்புட்டையும் பழைய இரும்புக் கடையில போட்ருவேன். எங்கய்யா சாமான்தான?"

நல்லசிவம் அத்தனை சாமானையும் புளித் தண்ணீரில் ஊறப்போட்டார். வீட்டில் குழம்பு நின்றுபோனது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் அவருடைய ரேகை அழிந்து, இனி எந்தப் போலீசும் அவரைப் பிடிக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் இழைப்புளித் தகட்டைச் சாணைச் சக்கரத்தில் வைத்தார். பொறி பறந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் பெண்டாட்டி ஆவுடைத்தாய் பட்டாசுக் கம்பெனியிலிருந்து உள்ளே வந்தாள். முப்பது வருஷமாகப் பட்டாசு அறையில் இரும்பு ஆணிகூடப் பார்க்காதவள். இரும்பு உரசினால் பொறி வருமென்று அங்கே கத்தியும் பித்தளை. பொறியைக் கண்டால் அவள் கை தலையைக் கேட்பதில்லை. வாளித் தண்ணீர் அவர் தலையில் இறங்கியது. அதோடு விட்டாளா? அத்தனை சாமானையும் அள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள்.

"எடுத்து வெளிய வையி, ஆவுடை!"

"பொறி உள்ள கெடந்தா? விடியட்டும். ஆளு கருகிக் கெடந்து பாத்திருக்கீகளா?"

"இது வீடுடீ, வெடிமருந்து ரூம்பு இல்ல!"

"பொறிக்குத் தெரியுமா அது?"

தானே எடுக்கலாம்தான். ஆனால் எடுத்தால் கோபத்துக்கு என்ன மரியாதை? சோறு வேண்டாமென்று போய்ப் படுத்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் எல்லாம் மறுபடி துருவேறிச் செக்கச்செவேலென்று இருந்தது. நல்லசிவம் போட்ட கத்தலில் ஆமத்தூர் வரை காக்காய் எழும்பியது. செல்லப்பாண்டி நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், நல்லாப் பழுக்க வச்சிருக்கீக! அள்ளிட்டுப் போகச் சாக்கு எங்க?"

ஆவுடைத்தாய் திரும்பினாள். "ஏலே, எங்கய்யா சாமானப் பாத்தா பல்லு தெரியுது ஒனக்கு?"

தகட்டைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்து, கட்டையில் சொருகிப் புருஷன் கையில் திணித்தாள். "என்னைய அப்புறமா வஞ்சுக்கிடுங்க. இப்ப இழைங்க."

நல்லசிவம் பல்லைக் கடித்துக்கொண்டு கதவின் ஓரத்தில் வைத்துத் தள்ளினார். ஒரு ராத்திரித் துரு மேலோடுதான். கூர் அதற்கடியில் அப்படியே இருந்தது. மரச்சுருள் சரசரவென்று சுருண்டு செல்லப்பாண்டியின் காலடியில் விழுந்தது. கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. அவன் வாயும்தான்.

"ரம்பமும் உளியும் பாக்கி இருக்கு," என்றாள் ஆவுடைத்தாய். "ஏலே, சக்கரத்தத் தெருவுக்குத் தூக்கு, வீட்டுக்குள்ள பொறி கூடாது. நீதான் சுத்தணும்."

உச்சி வெயிலில் செல்லப்பாண்டி சக்கரம் சுற்றினான். நல்லசிவம் உளியைப் பிடித்தார். பெண்டாட்டியோடு அவர் பேசவில்லை. கோபத்தின் மரியாதைக்காக மூன்று நாள் பேசவில்லை.